கைப்புக்கேணியின் நடுச்சுவர்

நெடுந்தீவு,
4.2.1978

அன்புள்ள தங்கச்சி பிலோமினாவுக்கு,

இக்கடிதத்தில் சொல்லப்போவது:

1. கேணியை ஒல்லாந்தர் எதற்காகக் கட்டினார்கள்.
2. ஆங்கிலேயர் அதை என்ன செய்தார்கள்.
3. நடுச்சுவர் யாருடையது.
4. குளிப்புக்காரர் காலமும் அதற்குப் பின்னும்.
5. ஜசிந்தாவின் முப்பத்தோராம் நாள் குளிப்பு.
6. என்னால் செய்யக்கூடியது.

நீ உன் கடிதத்தை ஒரே மூச்சில் எழுதியிருக்கிறாய். எனக்கு அப்படி எழுத வராது. பள்ளிக்கூடத்தை விட்டு இத்தனை வருடம் கழிந்தும் பாடக்குறிப்பு இல்லாமல் என் வாய் திறப்பதில்லை. பொறுத்துக்கொள்.

முதலாவது. ஒல்லாந்தக் கொம்பனியின் சிப்பாய்களுக்கு பல்முரசு வீங்கிக் காலில் புண் வந்தபோது, எங்கள் ஊரின் கைத்த ஊற்றில் குளித்தவர்கள் தேறினார்கள். அதைக் கண்டு கடலில் வெட்டிய முருகைக்கல்லால் இரண்டு தொட்டியும் ஒரு மண்டபமும் கட்டினார்கள். ஊற்று மேற்றொட்டியில் பொங்கிக் கீழ்த்தொட்டிக்கு வழிந்து கடலுக்குப் போகிறது. இதுவரை சரியென்றே நினைக்கிறேன்.

இரண்டாவது. ஆங்கிலேயருக்கு அந்தத் தண்ணீரில் நம்பிக்கை இருக்கவில்லை. தோணியில் வந்திறங்கியவர்களை வாந்திபேதிக்குப் பயந்து மண்டபத்தில் அடைத்து வைத்தார்கள். எத்தனை வருடம் என்று எனக்கு நிச்சயமில்லை.

மூன்றாவது. இரண்டு தொட்டிக்கும் நடுவில் நிற்கும் ஆளுயரச் சுவர். மற்றவற்றில் நான் பிழைவிட்டிருக்கலாம். இதில் எனக்கு ஐயமில்லை. முருகைக்கல், சுண்ணாம்புச் சாந்து, மண்டபச் சுவரின் அதே அகலம். அதிகாரிகளுக்கு மேற்றொட்டி, சாதாரண சிப்பாய்க்குக் கீழ்த்தொட்டி என்று ஒல்லாந்தர் பிரித்த சுவர் அது. பின்னாளில் மேற்றொட்டி எங்கள் சனத்துக்கும் கீழ்த்தொட்டி, ஊர் ஒதுக்கிவைத்த வடக்கடிச் சனத்துக்கும் என்று வந்தது அதன் தொடர்ச்சி. கேணிச் சபை கேட்டு 1968இல் நான் எழுதிய சிறுநூலில், "இச்சுவரும் இதையொட்டிய வழக்கமும் ஒல்லாந்தர் காலந்தொட்டு இருந்துவருபவை" என்று ஒரு வசனம் இருக்கிறது. அதைத்தான் பிழையென்று எழுதித்தரும்படி கேட்கிறாய். பிழையில்லாததைப் பிழை என்று எப்படி எழுதுவது?

நான்காவது. குளிப்புக்காரர் வந்த காலம் உனக்கும் ஞாபகம் இருக்கும். பட்டணத்துப் பெரிய குடும்பங்கள் வாதத்துக்கும் சொறிக்கும் எங்கள் அப்பப்பா கட்டிய அறைகளில் மாதக்கணக்கில் தங்கிக் குளித்தார்கள். ஊரே அவர்களால் சாப்பிட்டது. உலக யுத்தத்துக்குப் பிறகு ஊசிமருந்து வந்தது, குளிப்புக்காரர் நின்றார்கள். பிறகு பனிச்சங்காய்ச் சாறு காய்ச்சி வலைக்குச் சாயம் போடும் இடமாக இருந்தது. நைலோன் வலை வந்தது; அதுவும் நின்றது. இப்போது கொழும்புக் கொம்பனியொன்று வெளிநாட்டாருக்கு விடுதி நடத்த மண்டபத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறது என்று நீ எழுதித்தான் தெரியும்.

ஐந்தாவது. பிள்ளை பெற்றவள் முப்பத்தோராம் நாள் கேணியில் குளித்தபிறகே குசினிக்கும் கோயிலுக்கும் போவது எங்கள் ஊர் வழக்கம். உன் மகள் ஜசிந்தா வடக்கடிச் சில்வெஸ்ரரைக் கட்டியபடியால் இனிக் கீழ்த்தொட்டியில்தான் குளிக்கவேண்டும் என்று சபைத் தலைவர் யாகப்புச் சம்மாட்டியார் சொல்லியிருக்கிறார். அது எனக்கும் கவலைதான். இதைப் படிக்கும்போது நீ சிரிப்பாய்.

ஆறாவது. என்னால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

அன்புடன்,
அண்ணன் லியோன்


கைப்புக்கேணி,
12.2.1978

அண்ணைக்கு,

உங்கள் ஆறு பகுதியும் கிடைத்தன. முதல் ஐந்தையும் கிழித்து அடுப்பில் போட்டேன். ஆறாவதை வைத்திருக்கிறேன். செத்தபிறகு உங்கள் கல்லறையில் பொறிக்க உதவும்.

நேற்று முப்பத்தோராம் நாள். மகளின் தலையில் எண்ணெய் வைத்து, வேப்பிலை அவித்த தண்ணீரைக் குடத்தில் எடுத்துக்கொண்டு, பிள்ளையை நான் தூக்கிக்கொண்டு போனோம். மேற்றொட்டி வாசலில் சம்மாட்டியார் கதிரை போட்டு இருந்தார். ஐந்து வள்ளமும் ஐம்பது பேரும் வைத்து ஆளுகிற மனுஷனுக்கு எங்களை மறிக்கக் கதிரை தேவைப்பட்டது.

"பிலோமினா, கோவிக்காதை. பக்கத்து வாசலாலை போ. அதுவும் அதே தண்ணிதானே."

"அதே தண்ணியெண்டா நீங்கள் போய் அதிலை குளியுங்கோவன்" என்றேன்.

"நான் சொல்லேல்லை. உன்ரை அண்ணை மாஸ்ரர் எழுதினதைத்தான் செய்யிறம். அச்சிலை கிடக்கு." சட்டைப் பையிலிருந்து உங்கள் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். வேதப் புத்தகத்துக்குக்கூட அந்த மனுஷன் உறை போட்டதில்லை. உங்கள் புத்தகத்துக்கு மண்ணிறக் கடதாசி உறை போட்டிருக்கிறார்.

அந்த நேரம் உள்ளே தண்ணீர் சளசளத்தது. எட்டிப் பார்த்தேன். ஒரு வெள்ளைக்காரி மேற்றொட்டியில் மல்லாந்து மிதக்கிறாள். இடுப்பில் ஒரு துண்டு, மேலே ஒரு துண்டு, அவ்வளவுதான் சீலை. சம்மாட்டியாரின் மருமகன் அவளுடைய செருப்பு நனையாமல் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அவள் எந்தச் சனம் என்று யாராவது கேட்டார்களா? அவளுக்கு ஒல்லாந்தர் எந்தத் தொட்டி ஒதுக்கினார்கள்? உங்கள் புத்தகத்தில் பார்த்துச் சொல்லுங்கள்.

ஜசிந்தா எண்ணெய் வடிய வடிய வீட்டுக்குத் திரும்பி வந்து அறைக்குள் இருந்துவிட்டாள். "மாமா சரித்திரம் எழுதட்டும். மேற்றொட்டியிலை குளிக்காமல் நான் இந்த அறையை விட்டு வெளிக்கிடேன். குசினிக்கும் வரேன், கோயிலுக்கும் வரேன்" என்கிறாள். பிள்ளைக்கு இன்னும் ஞானஸ்நானம் இல்லை.

அந்தத் தண்ணீரின் சுத்தத்தைப் பற்றி எனக்கு எழுதவேண்டாம். வாந்திபேதிக்காரர் கழுவிய தண்ணீர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். யுத்தத்துக்கு வந்த பட்டாளம் லொறி கழுவியதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். சாயம் போட்ட காலத்தில் கேணிப்பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போவோம். இவ்வளவையும் பொறுத்த தண்ணீர் என் மகளைப் பொறுக்காதாம்.

நான் கேட்பது ஒன்றுதான். அந்த வசனம் பிழை என்று எழுதி, கையெழுத்து வைத்து, அனுப்புங்கள்.

பிலோமினா


நெடுந்தீவு,
17.2.1978

பிலோமினம்மாவுக்கு,

நீர் எழுதியதை நான் மூன்றுமுறை வாசித்தேன். கல்லறை பற்றிய பகடியை என் மனைவியின் கல்லறை இருக்கும் ஊரில் இருந்து வாசித்தேன் என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன்.

நானும் சில விஷயம் ஞாபகப்படுத்தவேண்டியிருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்பு ஜசிந்தாவை அறையில் வைத்துப் பூட்டியது யார்? சபைத் தலைவரா? சில்வெஸ்ரர் வள்ளத்து இயந்திரம் திருத்த உம் வளவுக்கு வந்தபோது அவனுக்கென்று தனியாக ஓர் எனாமல் குவளையை வேலியில் கொழுவி வைத்தது யார்? நான் அன்று உம் வீட்டில் இருந்தேன். கண்டேன். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதது என் சுபாவம். அதை நீர் அறிவீர். ஆனால் அந்தக் குவளையை நான் கொழுவவில்லை.

இப்போது பேத்தி பிறந்ததும் உமக்கு ஞானம் பிறந்துவிட்டது. அது நல்லது. ஆனால் உமக்கு ஞானம் பிறந்த நாளில் கற்சுவர்கள் தங்கள் வயதை மாற்றிக்கொள்ளா.

என் வாழ்நாளில் அச்சேறியது அந்த முப்பத்திரண்டு பக்கந்தான். அதற்காக வெயிலில் நின்று சுவர் அளந்தேன். பட்டணத்துக்குப் போய்ப் பழைய அறிக்கைகளைப் படித்தேன். என் பள்ளிக்கூட வேலையில் எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. அது ஒன்று நிலைத்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒருவருடைய குளிப்புக்கு வசதியாக நான் அதை மாற்றினால், நாளை இன்னொருவருடைய வசதிக்கும் மாற்றவேண்டிவரும்.

சம்மாட்டியார் என் நூலைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்குப் பெருமையில்லை. அவமானமாக இருக்கிறது. ஆனால் அதற்காகப் பொய் எழுத ஏலாது.

லியோன்


கைப்புக்கேணி,
27.2.1978

அண்ணைக்கு,

ஓம், குவளையைக் கொழுவியது நான்தான். அதை எழுதிக் காட்ட உங்களுக்குப் பத்து நாள் யோசனை தேவைப்படவில்லை, வேகமாக வந்துவிட்டது. அந்தப் பொடியன் அதில் தேத்தண்ணி குடித்துவிட்டு, கழுவி, தானே திரும்ப வேலியில் கொழுவிவிட்டுப் போவான். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அவன் சுளித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கலியாணத்தன்று அந்தக் குவளையைக் கடலில் எறிந்தேன். இனி அதைப்பற்றி எனக்குச் சொல்ல உங்களுக்கு உரிமையில்லை.

இப்போது நடந்ததைக் கேளுங்கள்.

நேற்று ஞாயிறு பூசை முடிந்து சனம் கலையும் நேரம் வீட்டுக்கு வந்து, உங்கள் மச்சான் வைத்துவிட்டுப் போன இரும்பு அலவாங்கை எடுத்தேன். கீழ்த்தொட்டி வாசலால் போனேன். அந்த வாசலை யாரும் மறிக்கமாட்டார்கள்தானே. சீலையை வரிந்து கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்று உங்கள் ஒல்லாந்தச் சுவரில் குத்தினேன். முதல் குத்தில் கை விறைத்தது. பத்துப் பன்னிரண்டு குத்தில் ஒரு கல் அசைந்தது. பிறகு அது தானாகவே வந்தது அண்ணை. ஒரு மாட்டுவண்டி போகக்கூடிய அகலத்துக்குத் திறந்துவிட்டேன். மேற்றொட்டித் தண்ணீர் பாய்ந்து வந்து என்னை விழுத்தியது.

சுவருக்கு அந்தப் பக்கம் சனம் கூடிவிட்டது. சம்மாட்டியாரும் நின்றார். "பிலோமினா, உனக்கென்ன விசரே?" என்று கத்தினார். "ஓம். விசருக்கும் இந்தத் தண்ணி நல்லதெண்டு மாஸ்ரர் எழுதியிருக்கிறார், பதினோராம் பக்கம்" என்றேன். இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அவருக்கு அதுதான் தாங்க ஏலாமல் போனது.

ஜசிந்தா வந்து குளித்தாள். எந்தத் தொட்டியில் குளித்தாள் என்று கேட்காதீர்கள். இப்போது ஒரு தொட்டிதான்.

பின்னேரம் பொலிஸ் வந்தது. என்னைப் பிடிக்க வரவில்லை. சில்வெஸ்ரரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் நேற்று முழுக்க இறங்குதுறையில் ஒரு வள்ளத்து இயந்திரத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு இருந்தவன். முறைப்பாடு என்ன தெரியுமா? பழைய காலத்துச் சின்னத்தைச் சேதப்படுத்தியதாம். அரசாங்கச் சட்டம் இருக்கிறதாம், மறியற்சாலையில் போடுவார்களாம். அத்தாட்சி உங்கள் புத்தகம், பதினான்காம் பக்கம், அதே வசனம்.

"நான்தான் உடைச்சனான்" என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அலவாங்கையும் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சிரிக்கிறார். "அம்மா, மருமகனைக் காப்பாத்த நீங்கள் பாவம் பொய் சொல்லுறியள். இந்தக் கையாலை ஒல்லாந்தற்றை சுவரை உடைக்க ஏலுமே?" சம்மாட்டியார் பக்கத்தில் நின்றார். என்னைக் கண்ணால் கண்ட மனுஷன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு வாயே திறக்கவில்லை.

நான் செய்ததற்கு அவன் உள்ளே இருக்கிறான். நான் செய்தேன் என்று நம்புவதற்குக்கூட ஒருவரும் இல்லை.

இத்துடன் கருவாட்டுப் பொட்டலத்துக்குள் சுவரில் இருந்து ஒரு துண்டு வைத்திருக்கிறேன். உங்கள் ஒல்லாந்தரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

பிலோமினா


நெடுந்தீவு,
3.3.1978

தங்கச்சிக்கு,

பொட்டலம் கிடைத்தது. மிகக் கவனமான பதில் தேவைப்படும் சில கேள்விகள் உண்டு. நீ அனுப்பிய துண்டு முருகைக்கல் அல்ல. அது ஓடு.

(அ) அந்த ஓட்டுத்துண்டு சுவரின் வெளிப்புறத்தில் இருந்ததா, உள்ளேயா?
(ஆ) அதைச் சுற்றிச் சாந்து ஒட்டியிருந்ததா?
(இ) அதுபோல வேறு துண்டுகளும் உண்டா?

காரணம் சொல்கிறேன். ஒல்லாந்தர் காலத்து ஓடு வளைந்த பீலி ஓடு. இது தட்டையானது, ஓரத்தில் பள்ளம் உள்ளது, அடியில் ஆங்கில எழுத்தில் பாதி முத்திரை தெரிகிறது. இது மங்களூர் ஓடு. இயந்திரத்தால் அழுத்திச் செய்வது. ஒல்லாந்தர் போய் வெகுகாலத்துக்குப் பிறகே இந்த ஓடு உலகத்தில் உண்டானது. ஆனால் அவசரப்படக் கூடாது. பிற்காலத்தில் யாராவது வெடிப்பை அடைக்க ஒரு துண்டைச் செருகியிருக்கலாம். சுவரின் வயிற்றுக்குள் இருந்தால் வேறு கதை.

இன்னொரு விஷயம். செவ்வாய்க்கிழமைப் படகில் சம்மாட்டியார் இங்கே வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழமும் கொண்டு வந்தார். நான் கதிரை கொடுத்துத் தேநீரும் கொடுத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"மாஸ்ரர், உங்கடை புத்தகம் இப்ப கோட்டிலை சாட்சி. எங்கடை ஊரிலை ஆருக்கு இந்த மரியாதை கிடைச்சது?"

நான், உடைத்தது என் தங்கச்சிதானாமே என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"உவ பொம்பிளை. எங்கடை சனம். உவவைக் கோட்டுக்கு இழுக்கிறது எங்களுக்குத்தானே வெட்கம்? அதுதான் நான் வேறை வழி பாத்தனான். உங்கடை குடும்பத்துக்கு நான் செய்த உபகாரம் மாஸ்ரர்."

"அந்தப் பொடியன்?"

"அவன் இரண்டு மாதம் உள்ளுக்கை இருந்திட்டு வரட்டும். மற்றவைக்கும் ஒரு படிப்பினை." பிறகு என் தோளில் தட்டிச் சொன்னார்: "நீங்கள் ஒண்டும் செய்யவேண்டாம். நீங்கள் சும்மா இருந்தாலே காணும். உங்களுக்கு அது கஷ்டமில்லைத்தானே?"

பிலோமினா, அவர் போனபிறகு அந்த வாழைச்சீப்பைத் தூக்கி வேலிக்கு வெளியே எறிந்தேன். அயல்வீட்டு மாடு தின்றது. இந்த வயதுவரை எனக்கு இப்படிக் கோபம் வந்ததில்லை.  அவர் சொன்னது பொய் என்றால் இவ்வளவு கோபம் வந்திராது.

ஆனாலும் நீதிமன்றம் என்றால் எனக்குப் பயம். அங்கே ஒரு சட்டத்தரணி எழும்பி, பத்து வருடத்துக்கு முன்பு ஐயமில்லை என்று எழுதியவர் இன்று ஓர் ஓட்டுத்துண்டுக்காக மாறுகிறாரா, மருமகள் ஜசிந்தாவின் புருஷனுக்காக மாறுகிறாரா என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? ஆகவே அந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் எழுது. ஊகமாக எழுதாதே. பார்த்து எழுது.

லியோன்


கைப்புக்கேணி,
8.3.1978

அண்ணை,

வீட்டில் ஒருத்தி கைப்பிள்ளையோடு இருக்கிறாள். அவளுடைய புருஷன் மறியலில் இருக்கிறான். நீங்கள் (அ) (ஆ) (இ) என்று கேட்கிறீர்கள். உங்கள் கடிதத்தை ஜசிந்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். "மாமா வாழைப்பழத்தை எறிஞ்சவரே?" என்று இரண்டுதரம் கேட்டாள். அந்த ஒன்றுக்காகத்தான் போய்ப் பார்த்தேன்.

போவதும் லேசில்லை. விடுதிக்காரர் உடைந்த இடத்துக்குக் கயிறு கட்டி, ஒரு காவற்காரனை நிறுத்தியிருக்கிறார்கள். வெள்ளைக்காரர் அந்த உடைவுக்குப் பக்கத்தில் நின்று படம் பிடிக்கிறார்கள். காவற்காரன் வடக்கடிப் பொடியன். என்னைக் கண்டதும் மற்றப்பக்கம் திரும்பிச் சுருட்டுப் பற்றவைத்தான்.

(அ) உள்ளே. சுவரின் நட்டநடுவில். இரண்டு பக்கமும் முருகைக்கல், நடுவில் ஓட்டுத்துண்டும் சிப்பியும் போட்டு நிரப்பியிருக்கிறது.
(ஆ) சுற்றிவரச் சாந்து. கத்தியால் சுரண்டினேன், ஓட்டோடு சேர்ந்து உடைகிறது.
(இ) பத்துக்கு மேல் இருக்கும். அடிவரைக்கும் போகிறது. தண்ணீருக்குள் கைவிட்டுப் பார்த்தேன், அத்திவாரக் கல்லுக்கு மேலேயும் கிடக்கிறது.

ஓட்டைப் பார்த்து நீங்கள் ஏன் இவ்வளவு அதிசயப்படுகிறீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அதே ஓடுதானே எங்கள் குளிப்புக்காரர் அறைக் கூரையிலும் கிடக்கிறது. மாரியில் ஒழுகும்போது மாற்றி மாற்றி எனக்கு அந்த எழுத்து மனப்பாடம். ஊரில் ஓலை இல்லாத முதல் கூரை அப்பப்பா போட்டது என்று நீங்களே பெருமையாக எழுதியிருக்கிறீர்கள்.

சட்டத்தரணியைப் பார்த்தேன். வழக்கு பதினேழாம் திகதி வெள்ளிக்கிழமை, ஊர்காவற்றுறையில். "புத்தகத்தை எழுதினவர் உயிரோடை இருக்கிறாரோ?" என்று கேட்டார்.  ஒரு நிமிஷம் கழித்துத்தான் ஓம் என்றேன். அவர் சொன்னது: சுவர் பழைய சின்னம் என்றால் சில்வெஸ்ரருக்கு மறியல். சுவர் பிற்காலத்தது என்றால் அந்தச் சட்டமே பொருந்தாது, அன்றே விடுவார்கள். அதைச் சொல்லக்கூடிய ஆள் எழுதியவர்தான். வேறு யார் சொன்னாலும் அச்சில் இருப்பதைத்தான் நம்புவார்கள்.

சில்வெஸ்ரரைப் போய்ப் பார்த்தேன். அவனுக்கு என்மேல் கோபம். முதல்தரமாகக் கோபம். "மாமி, உடைக்கேக்கை என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டியளே? உங்களுக்கு ஒண்டும் செய்யமாட்டினம். எங்களைத்தான் பிடிப்பினம். அது உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்" என்றான். அவன் சொன்னது சரி. எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இவ்வளவு வயதுக்கு அது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

நீங்கள் வருவதென்றால் வாருங்கள். வராவிட்டால் எனக்குக் கடிதம் எழுதவேண்டாம். எழுதினால் திறக்கமாட்டேன். உங்கள் எழுத்தை நான் இந்த மாதம் போதுமான அளவு வாசித்துவிட்டேன்.

பிலோமினா


நெடுந்தீவு,
13.3.1978

அன்புள்ள பிலோமினா,

இதைத் திறந்திருக்கிறாய் என்றால் நன்றி. வியாழக்கிழமைக் காலைப் படகில் வருகிறேன். குறிகட்டுவானில் இறங்கி பஸ் எடுப்பேன். வெள்ளிக்கிழமை நீதிமன்றத்தில் நிற்பேன். என் குரல் வெளியே வராமல் போகலாம் என்பதால், சொல்லவேண்டியதை மூன்று பிரதி எழுதியிருக்கிறேன். ஒன்று சட்டத்தரணிக்கு, ஒன்று எங்கள் கோயில் சுவாமியாருக்கு. மூன்றாவதைச் சம்மாட்டியாருக்கு என் கையாலேயே கொடுப்பேன். அவர் அதற்கும் உறை போடட்டும்.

எழுதியிருப்பதை உனக்கு முதலில் சொல்லவேண்டும். இது எங்கள் குடும்பத்தைப் பற்றியது. நீதிமன்றத்தில் முதற்தரம் கேட்டு நீ திடுக்கிடக் கூடாது.

நீ ஓட்டைப் பற்றி எழுதிய வரியைப் படித்தபின் நான் இரண்டு நாள் ஒன்றும் எழுதவில்லை. ஊரில் அந்த ஓடு அப்பப்பாவின் அறைகளுக்கு மட்டுமே வந்தது. மற்றவர்கள் எல்லோரும் வெகுகாலம் ஓலைக்கூரையின் கீழ்தான் இருந்தார்கள். அப்படியானால் உடைந்த ஓடுகள் சுவரின் வயிற்றுக்குள் எப்படிப் போயின? அறை கட்டிய மேசனே சுவரையும் கட்டினான். மிஞ்சிய ஓட்டை நிரப்பினான். அறைகளும் சுவரும் ஒரே வருடத்து வேலை.

ஏன் கட்டினார் என்பதையும் யோசித்தேன். இது ஊகம், ஊகமென்றே எழுதியிருக்கிறேன். பட்டணத்துக் குளிப்புக்காரர் அறை பார்க்க வந்திருப்பார்கள். மண்டபத்தை எட்டிப் பார்த்திருப்பார்கள். தொட்டியில் எங்கள் சனமும் வடக்கடிச் சனமும் ஒன்றாக நிற்பதைக் கண்டு, இப்படியென்றால் நாங்கள் வரமாட்டோம் என்று சொல்லியிருப்பார்கள். அறைகள் வெறுமையாகக் கிடந்தால் அப்பப்பா என்ன செய்வார்? ஒரு சுவர் எழுப்பினார். குளிப்புக்காரர் வந்தார்கள். எங்கள் அப்பா படித்தார், நான் படித்தேன். நான் படித்த படிப்பைக் கொண்டு அந்தச் சுவருக்கு இருநூறு வயது எழுதிக் கொடுத்தேன்.

எங்கள் தீவுகளில் முருகைக்கல்லில் பழையதாக எதைக் கண்டாலும் ஒல்லாந்தர் கட்டியது என்று சொல்வது வழக்கம். கிணறு, மதில், புறாக்கூடு எல்லாம் ஒல்லாந்தர். நானும் அப்படியே சொன்னேன். அகலத்தை அளந்த நான் ஒரு கல்லைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை. மண்டபச் சுவரின் அகலத்துக்கு எந்த மேசனும் இன்னொரு சுவர் கட்டுவான் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றாமல் இருந்தது எனக்கு வசதியாகவும் இருந்திருக்கும்.

சட்டத்தரணி ஒருவேளை, மருமகளின் புருஷனுக்காகவா மாறுகிறீர் என்று கேட்பார். ஓம் என்று சொல்லலாமா என்று யோசிக்கிறேன். அவனுக்காகத்தான் திரும்பிப் பார்த்தேன். பார்த்தபோது கண்டது ஓடு. இரண்டும் உண்மை.

சபையின் சுவரை உடைத்த குற்றம் அதன்பிறகும் மிச்சம் இருக்கும். அது உன்னுடையது. அதை யாரும் உன்னிடமிருந்து எடுத்துக்கொள்ளாதபடி, அலவாங்கோடு உன்னைக் கண்டதாகச் சம்மாட்டியாரைச் சத்தியம் பண்ணிச் சொல்லவைக்கும்படி சட்டத்தரணியிடம் கேட்பேன். அவரும் ஒருநாள் வாய் திறக்கட்டும். நீ சிரிக்காமல் நில்.

சில்வெஸ்ரரிடம் நான் என்ன பேசுவதென்று தெரியவில்லை. அவன் பேச விரும்பாவிட்டால் அதுவும் நியாயம். ஜசிந்தாவிடம், பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு என்னை அழைக்கவேண்டிய கட்டாயம் இல்லை என்று சொல்.

முதற் கடிதத்தில் ஆறு பகுதி எழுதினேன். அவற்றின் பாடக்குறிப்பை இன்று திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, நான்கு ஏறக்குறையச் சரி; ஒன்றில் இரண்டு தொட்டி என்றதை ஒரே தொட்டி என்று திருத்தவேண்டும். ஐந்தில் கவலை என்று எழுதியது போதாது. ஆறு என்ன ஆகிறதென்று வெள்ளிக்கிழமை தெரியும்.

மூன்றாவது பிழை. அந்தச் சுவரை ஒல்லாந்தர் கட்டவில்லை. நாங்கள் கட்டினோம்.

அண்ணன்
லியோன்